கிளாஸ் 4 என்ற சொல்லுக்குள் இருக்கும் இரும்புக் குண்டு

டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில், ஃப்ரிஸ்கோவோ பிளேனோவோ, ஏப்ரல் மே மாதங்களில் ஓர் இரவு ஆலங்கட்டி கொட்டினால் மறுநாள் காலை இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஏணி கட்டிய பிக்கப் டிரக்குகள் தெருத்தெருவாக வரும். ஊர்த் தமிழர்களின் வாட்ஸாப் குழுவில் "யாராவது நல்ல ரூஃபர் தெரியுமா?" என்று ஒருவர் கேட்க, அதற்குக் கீழே பத்துப் பதில் விழும். அந்தப் பத்தில் ஒன்று கட்டாயம் இப்படி இருக்கும்: "நாங்க போன தடவையே கிளாஸ் 4 போட்டுட்டோம், இனி கவலையே இல்ல." கூரை என்றால் காங்கிரீட் தளம், மேலே போனால் வடகம் காயப்போடலாம் என்று வளர்ந்தவர்களுக்கு, ஷிங்கிள் எனப்படும், ஆணி அடித்த தார் அட்டைகளே கூரை என்பதை ஏற்பதற்கே சில வருடங்கள் ஆகும். அதில் நான்காம் நம்பர் அட்டை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதில் தப்பு சொல்ல முடியாது. விற்பவரும் அப்படித்தான் சொல்கிறார், காப்பீட்டுக் கம்பெனியும் தள்ளுபடி தருகிறது.

ஆனால் அந்த "கவலையே இல்ல" என்பதுதான் உறுத்துகிறது. ஆலங்கட்டியைத் தாங்கும் திறனுக்கான கிளாஸ் 4 என்ற முத்திரை பொய் இல்லை. அது ஒரு கேள்விக்குச் சரியான பதில். வீட்டுக்காரர் மனதில் இருப்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடுத்த ஆலங்கட்டி மழை வந்து காட்டும்போது, கூரையில் முப்பது சதுரம் ஷிங்கிள் ஏற்கெனவே ஆணியடிக்கப்பட்டிருக்கும். (சதுரம் என்பது இந்தத் தொழிலின் அளவு: 100 சதுர அடி. வழக்கமான, இரண்டு அடுக்கு ஒட்டிய லேமினேட் ஷிங்கிளில் மூன்று கட்டு சேர்ந்தால் ஒரு சதுரம்.)

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தள்ளிவைத்துவிடலாம். ஷிங்கிள் கட்டின் மேலுறையில் "கிளாஸ் ஏ" என்றும் இருக்கும். அது தீக்கான தரம், ஆலங்கட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மணிக்கு 110 மைல், 130 மைல் என்று போட்டிருப்பது காற்றுக்கு. ஆலங்கட்டிக்கு உள்ளது 1 முதல் 4 வரையிலான எண் மட்டும், அதிலும் 4 தான் உச்சம். "எல்லாத்துலயும் கிளாஸ் ஏ சார்" என்று சொல்லி ஆலங்கட்டிக் கேள்வியைத் தாண்டிப் போகிறவர்கள் உண்டு. கண்ணாடியிழைப் பாய் வைத்த தார் ஷிங்கிள் ஏறக்குறைய எல்லாமே கிளாஸ் ஏ தான். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

20 அடி உயரத்திலிருந்து

அந்த எண்ணைத் தரும் சோதனைக்குப் பெயர் யூ.எல். 2218. யூ.எல். என்பது அமெரிக்கச் சோதனை நிறுவனம். 1996-ல் வந்தது. செய்முறை ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் செய்துவிடக்கூடிய அளவுக்கு எளிமை. மரப்பலகைத் தளத்தில் ஷிங்கிளை முறைப்படி ஆணியடித்து ஒட்டவைத்து, மேலிருந்து எஃகுக் குண்டைப் போடுவார்கள். கிளாஸ் 1-க்கு ஒன்றேகால் அங்குலக் குண்டு, 12 அடி உயரம். கிளாஸ் 2-க்கு ஒன்றரை அங்குலம், 15 அடி. கிளாஸ் 3-க்கு ஒன்றேமுக்கால் அங்குலம், 17 அடி. கிளாஸ் 4-க்கு 2 அங்குலக் குண்டு, 20 அடி. ஒரே இடத்தில் இரண்டு முறை போட வேண்டும். விளிம்பு, மூலை, இரண்டு அட்டைகள் சேரும் இடம் என்று பலவீனமாகத் தெரியும் இடங்களாகத் தேர்ந்து போட வேண்டும். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த படியில்தான் கதை இருக்கிறது. அடி வாங்கிய ஷிங்கிளைக் கழற்றித் திருப்பிப்போட்டு, அதன் முதுகை உருப்பெருக்கி வைத்துப் பார்ப்பார்கள். அங்கே கிழிசல், வெடிப்பு, பிளவு எதுவும் இல்லையென்றால் தேர்ச்சி. முன்பக்கத்தில் குழி விழுந்திருக்கலாம், மேலே தூவிய குருணை உதிர்ந்து கருந்தார் பல்லிளிக்கலாம், அதெல்லாம் கணக்கில் வராது. முதுகைப் பார்த்துவிட்டு முகத்துக்குச் சான்றிதழ் கொடுப்பது போலத்தான்.

இதை உடனே மோசடி என்று சொல்லிவிடக் கூடாது. யூ.எல். கேட்ட கேள்வி நியாயமானது: இந்த அடிக்குப் பிறகு இந்த ஷிங்கிள் வழியாகத் தண்ணீர் இறங்க வழி உண்டாகிறதா? முதுகில் வெடிப்பு இல்லையென்றால் அன்றைக்குத் தண்ணீர் இறங்காது. பதில் சரி. வீட்டுக்காரருக்கு வேண்டியது வேறு: அடி வாங்கிய இந்த ஷிங்கிள் அடுத்த பத்து வருடம் டெக்சஸ் வெயிலில் நிற்குமா? ஷிங்கிளின் மேலே தூவியிருக்கும் அந்தக் குருணை அழகுக்காகத் தூவியது இல்லை. பீங்கான் பூச்சுப் பூசிய கல் துகள் அது. வெயிலின் புற ஊதாக் கதிர் தாரில் படாமல் காப்பது அதன் வேலை. ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் குருணை உதிர்ந்த இடத்தில் தார் நேரடியாகக் காய்கிறது. காய்ந்து, இறுகி, சுருங்கி, மயிர்க்கோடு விடுகிறது. அந்தக் கோட்டோரத்துக் குருணையும் பிடி விடுகிறது. மழைநீர்த் தகரத்தில் கருப்பு மணலாக வந்து சேருவது அதுதான். சோதனை நாளில் முதுகு சுத்தமாக இருந்த ஷிங்கிள், நான்கைந்து கோடை கழித்து அதே இடத்தில் வெடிப்பதற்கு யூ.எல். 2218 பொறுப்பாகாது. அது அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

எஃகும் பனிக்கட்டியும்

குண்டு எஃகில் இருப்பதற்குக் காரணம் உண்டு. எஃகு உருகாது, உடையாது, நூறாவது முறையும் முதல் முறை போலவே விழும். இரண்டு ஆய்வகங்களின் முடிவை ஒப்பிட முடியும். ஆற்றல் கணக்கையும் கவனமாகத்தான் பொருத்தியிருக்கிறார்கள். 2 அங்குல எஃகுக் குண்டு 20 அடியிலிருந்து விழுந்தால் சுமார் 32 ஜூல். 2 அங்குலப் பனிக்கட்டி உருண்டை வானத்திலிருந்து அதன் முழு வேகத்தில் வந்தால் ஏட்டுக் கணக்கில் அதே 32 ஜூல்.

ஆனால் அந்த 32 ஜூல் எப்படி வந்து சேர்கிறது என்று பாருங்கள். எஃகுக் குண்டின் எடை அரைக் கிலோவுக்குச் சற்று மேலே. தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 24 மைல், குடியிருப்புத் தெருவில் போகிற காரின் வேகம். அதே அளவுப் பனிக்கட்டியின் எடை சுமார் 62 கிராம், ஒரு கோழிமுட்டை அளவு. அது மணிக்கு 70 மைலுக்குச் சற்று மேலான வேகத்தில் வருகிறது. ஒன்று நிதானமாக அமுக்குகிறது, குண்டு நெளியாததால் வந்த விசை முழுவதும் ஷிங்கிளுக்கே போகிறது. மற்றது சட்டென்று அறைந்து தானும் நொறுங்குகிறது. நொறுங்கும்போது அதன் சில்லுகள் குருணையைச் சுரண்டிக்கொண்டு சிதறுகின்றன. உலக்கையால் குத்துவதும் உள்ளங்கையால் அறைவதும் ஒரே பலம் என்றாலும் தோலில் விழும் தடம் ஒன்றாக இருக்காது. எஃகுக் குண்டு ஷிங்கிளுக்குள் இருக்கும் கண்ணாடியிழைப் பாயை உடைப்பதில் கெட்டி. பனிக்கட்டி குருணையைப் பெயர்ப்பதில் கெட்டி. நம்முடைய சோதனை முதலாவதை மட்டும் எண்ணுகிறது.

வெப்பநிலை என்று ஒன்றும் இருக்கிறது. சோதனை நடப்பது அறை வெப்பத்தில். ஆலங்கட்டியோடு வரும் மழையும் காற்றும் கூரையைச் சில நிமிடங்களில் குளிரவைத்துவிடும். சாதாரணத் தார் குளிர்ந்தால் விறைக்கும், விறைத்தது எளிதில் வெடிக்கும். முக்கியமாக, சோதனைக்குப் போகிற ஷிங்கிள் புத்தம் புதுசு. கூரையில் இருப்பதோ ஏழெட்டு வருடம் வெந்தது.

பனிக்கட்டியையே எய்து பார்க்கும் சோதனையும் இருக்கிறது. எஃப்.எம். 4473 என்பது அதன் எண், எஃப்.எம். இன்னொரு சோதனை நிறுவனம். அங்கேயும் 1 முதல் 4 வரைதான் வகுப்பு, அளவுகளும் அதே. ஆனால் அது ஓடு, ஸ்லேட் போன்ற விறைப்பான கூரைப் பொருள்களுக்காக வந்தது. தார் ஷிங்கிள் விற்பவர் காட்டும் தாளில் பெரும்பாலும் யூ.எல். தான் இருக்கும். ஓட்டின் எஃப்.எம். கிளாஸ் 4-ஐயும் ஷிங்கிளின் யூ.எல். கிளாஸ் 4-ஐயும் பக்கத்தில் வைத்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பல பேச்சுகளின் காற்று இறங்கிவிடும். ஆலங்கட்டியின் அடி அதன் விட்டத்தோடு நேராகக் கூடுவதில்லை. விட்டம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு ஆகிறது, வேகமும் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து ஆற்றல் ஏறக்குறைய விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 1 அங்குலக் கட்டிக்கு 2 அங்குலக் கட்டி பதினாறு மடங்கு. அமெரிக்க வானிலைத் துறை 2010 முதல் 1 அங்குலத்திலிருந்துதான் "கடுமையான ஆலங்கட்டி" என்கிறது. அவர்கள் பேஸ்பால் அளவு என்று சொல்வது 2.75 அங்குலம். அது கிளாஸ் 4 அடியைப் போல மூன்றரை மடங்கு. அதற்குக் கிளாஸ் 5 என்று ஒன்று கிடையாது. 2010 ஜூலை 23 அன்று தெற்கு டகோடாவின் விவியன் ஊரில் விழுந்தது 8 அங்குல விட்டம். அதற்கெல்லாம் எந்த ஷிங்கிளும் பதில் சொல்லாது. கிளாஸ் 4-க்குப் பணம் கொடுப்பது 1 முதல் 2 அங்குலம் வரையிலான கட்டிகளுக்காக. அந்த வரம்புக்குள் அது நல்ல செலவு என்பதுதான் என் கட்சி. பேஸ்பாலைக் காட்டி விற்கிறவரிடம் மட்டும் சற்றுத் தள்ளி நிற்பது உத்தமம்.

ஒரே முத்திரை, இரண்டு உடம்பு

கடையில் "இம்பாக்ட் ரெசிஸ்டன்ட்" என்று அடுக்கியிருப்பவை எல்லாம் ஒரே வழியில் அந்தப் பெயரை வாங்கவில்லை. பெரும்பாலும் இரண்டு வழி.

முதல் வழி, தாரையே மாற்றுவது. எஸ்.பி.எஸ். என்ற செயற்கை ரப்பரைத் தாரோடு கலந்து காய்ச்சுகிறார்கள். இப்படிச் செய்த ஷிங்கிள் குளிரிலும் வளைந்து கொடுக்கும், அடி விழுந்தால் உள்வாங்கி மீளும், குருணையையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது வழி, தாரை அப்படியே விட்டுவிட்டு முதுகில் ஒரு பாலிமர் வலையையோ துணியையோ ஒட்டுவது. மேலே தார் நசுங்கினாலும் கீழே வலை இழுத்துப் பிடித்திருப்பதால் வெடிப்பு முதுகுவரை வந்து வாய் திறக்காது.

இப்போது சோதனைக்காரர் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகை. வலை எங்கே ஒட்டியிருக்கிறது? முதுகில். கேள்வித்தாள் தெரிந்து படித்த பையன் பாஸாவது போல, வலை வைத்த ஷிங்கிள் கிளாஸ் 4 வாங்குவதில் ஆச்சரியமே இல்லை. அது நியாயமாகத்தான் வாங்குகிறது, தண்ணீர் இறங்காமல் காப்பதும் உண்மை. ஆனால் முன்பக்கத்துத் தாரும் குருணையும் சாதாரண ஷிங்கிளுடையவையே. முன்பக்கத்தில் விழும் குழியையும் உதிர்வையும் முதுகு வலை தடுக்க முடியாது. எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு கட்டிலும் அச்சடித்திருப்பது ஒரே "கிளாஸ் 4" தான்.

பெயர்களும் கைகொடுக்காது. ஓவன்ஸ் கார்னிங் என்ற தயாரிப்பாளரிடம் ட்யூரேஷன் ஸ்டார்ம் என்று ஒன்று, ட்யூரேஷன் ஃப்ளெக்ஸ் என்று ஒன்று. முதலாவது முதுகில் வலுவூட்டியது, இரண்டாவது எஸ்.பி.எஸ். கலந்தது. வெறும் "ட்யூரேஷன்" சாதாரண ஷிங்கிள். கான்ட்ராக்டர் எஸ்டிமேட்டில் "ட்யூரேஷன், 34 சதுரம்" என்று மட்டும் எழுதியிருந்தால் மூன்றில் எது வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. பின்னால் பேச்சு வந்தால் எழுதியதுதான் செல்லும். முழுப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். "எஸ்.பி.எஸ். மாடிஃபைடா, முதுகில் வலையா?" என்ற ஒற்றைக் கேள்வியையும் கேளுங்கள். தொழில் தெரிந்தவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு வழி உண்டு. கான்ட்ராக்டரிடம் போட்டிக்கு நிற்கும் இரண்டு ஷிங்கிளிலும் ஒரு முழு அட்டை மாதிரி வாங்கி, இரண்டிலிருந்தும் ஓரடித் துண்டு வெட்டி, ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் எடுத்த சூட்டோடு, இல்லை குளிரோடு, குருணைப் பக்கம் வெளியே இருக்கும்படி ஒரு தண்ணீர்க் குழாய் மேல் மெதுவாக வளையுங்கள். சாதாரணத் தார் அப்பளம் போல நொறுங்கும், வளைவு முழுக்கக் கறுப்புக் கோடு விழும். எஸ்.பி.எஸ். கலந்தது தோல் செருப்பின் வார் போல வளைந்து கொடுக்கும். கீழே ஒரு வெள்ளைத்தாளை விரித்துவைத்தால் எது எவ்வளவு குருணை விட்டது என்பதும் தெரியும். இது சான்றிதழுக்கு ஈடில்லை, ஆனால் விளம்பரத் தாளைவிட அதிகம் சொல்லும்.

ரிச்பர்க்கில் சோடா ஆலங்கட்டி

எண்ணின் இந்தக் குறையைக் காப்பீட்டுக் கம்பெனிகள் நம்மைவிட முன்பே உணர்ந்தன, பணம் போவது அவர்களுடையது அல்லவா. அவர்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வு நிறுவனம் ஐ.பி.எச்.எஸ். தென் கரோலினாவின் ரிச்பர்க்கில் 2010-ல் ஆய்வு மையம் திறந்தது, 2013-ல் ஒரு முழு வீட்டையே உள்ளே நிறுத்தி அதன்மேல் செயற்கை ஆலங்கட்டி பொழிந்து பார்த்தது. இயற்கை ஆலங்கட்டி ஃப்ரீசர் பனிக்கட்டியைப் போல ஒரே கெட்டியாக இருக்காது, உள்ளே காற்றுக் குமிழ் இருக்கும். அதைக் கொண்டுவர அவர்கள் தண்ணீரோடு சோடாவைக் கலந்து உறையவைக்கிறார்கள். அதைக் காற்றழுத்தப் பீரங்கியில் வைத்து ஷிங்கிள் மீது சுடுகிறார்கள்.

2019-ல் அவர்கள் வெளியிட்ட தரப்பட்டியலில்தான் விஷயம் தெளிவானது. ஷிங்கிளைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்காமல், நாம் வாங்குவது போலச் சந்தையில் வாங்குகிறார்கள். ஒன்றரை அங்குலம், 2 அங்குலம் என்று இரு அளவுக் கட்டிகளால் அடிக்கிறார்கள். பிறகு முன்பக்கத்தையே பார்க்கிறார்கள்: குழி எவ்வளவு, கிழிசல் எவ்வளவு, குருணை இழப்பு எவ்வளவு. மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண், சேர்த்து ஒரு மொத்தத் தரம்: எக்ஸலென்ட், குட், மார்ஜினல், புவர். யூ.எல். எண்ணில் ஒரே வரிசையில் நின்றவை இங்கே வந்ததும் வரிசை கலைந்தன. ஒன்று மேலே போனது, ஒன்று கீழே இறங்கியது. பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, புதுப்பிக்கவும் செய்கிறார்கள். அவர்களுடைய ஃபார்ட்டிஃபைட் கூரைத் திட்டத்தின் ஆலங்கட்டிப் பிரிவுக்குக் கிளாஸ் 4 மட்டும் போதாது, இந்தப் பட்டியலில் குட் அல்லது எக்ஸலென்ட் வாங்கியிருக்க வேண்டும்.

ஆகவே தேர்வு வரிசை என் கணக்கில் இப்படி: யூ.எல். 2218 கிளாஸ் 4 என்பது உள்ளே நுழைய டிக்கெட், அது இல்லாததைப் பேசவே வேண்டாம். நுழைந்தவற்றில் ஐ.பி.எச்.எஸ். பட்டியலில் குட்-டுக்குக் கீழே இருப்பதை விலக்கலாம். பொதுத் தரம் சமமாக இருந்தால் குருணை இழப்புக்கான தனி மதிப்பெண்ணைப் பாருங்கள், டெக்சஸ் வெயிலுக்கு அதுதான் முக்கியம். கடைசியில்தான் நிறமும் விலையும். வீட்டுச் சங்கம் என்ற எச்.ஓ.ஏ. நிறத்தில் மூக்கை நுழைக்கும் என்பதால் இந்த வரிசை சில வீடுகளில் தலைகீழாகும், அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

முகட்டில் விட்ட கோட்டை

நல்ல ஷிங்கிளைத் தேர்ந்தெடுத்த பிறகும் கூரை ஏமாற்றும் இடங்கள் உண்டு. முதலாவது முகடு. இரண்டு சரிவுகள் மேலே சேரும் முகட்டிலும் மூலைச் சரிவுகளிலும் ஷிங்கிள் மடித்து ஒட்டப்படுகிறது. ஏற்கெனவே மடிப்பில் இழுபட்டு நிற்கும் தார் அது. அதற்குக் கீழே தட்டையான பலகைத் தாங்கலும் சரியாக இல்லை. ஆலங்கட்டி முதலில் உடைப்பது அங்கேதான். சரிவில் கிளாஸ் 4 போட்டுவிட்டு, முகட்டுக்கு "த்ரீ-டேப்" என்ற மலிவான ஒற்றை அடுக்கு ஷிங்கிளை வெட்டிப்போடும் பழக்கம் இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது. கீழே நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எஸ்டிமேட்டில் முகட்டு ஷிங்கிளுக்குத் தனி வரி இருக்க வேண்டும், அதிலும் கிளாஸ் 4 என்று எழுதியிருக்க வேண்டும். எஸ்.பி.எஸ். கலந்த முகட்டுத் துண்டுகள் தனியாகவே விற்கின்றன.

இரண்டாவது, பழைய ஷிங்கிளைக் கழற்றாமல் அதன்மேலேயே புதியதை அடிப்பது. செலவு குறையும், குப்பை குறையும், ஆனால் கிளாஸ் 4 என்ற சொல்லுக்கு அர்த்தம் போய்விடும். சோதனை நடந்தது கெட்டிப் பலகை மேல். அடியில் மெத்தை மாதிரி ஒரு பழைய அடுக்கு இருந்தால், அடி விழுந்த இடத்தில் மேல் ஷிங்கிள் அதிகமாக வளைந்து பாய் முறிகிறது. கைமரங்களுக்கு இடையே 24 அங்குலம் விட்டு, மரச்சீவல்களை ஒட்டிச் செய்த மெல்லிய ஓ.எஸ்.பி. பலகையில் அடித்த கூரைகளிலும் கொஞ்சம் இதே குறை. கழற்றும் நாளில் நடந்தால் தொய்கிற பலகையை மாற்றிவிடுங்கள், அதற்கு ஒரு பலகைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை பேசிவைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, ஆணி. ஆலங்கட்டித் தரத்துக்கும் ஆணிக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று தோன்றும். ஆனால் ஆலங்கட்டி தனியாக வருவதில்லை, காற்றோடுதான் வருகிறது. ஷிங்கிளில் குறித்திருக்கும் ஆணிக்கோட்டுக்கு மேலே அடித்த ஆணி லேமினேட்டின் இரண்டு அடுக்கையும் பிடிக்காது. காற்றழுத்தத் துப்பாக்கியின் அழுத்தம் அதிகமாக இருந்தால் ஆணித்தலை பாயை அறுத்து உள்ளே போய்விடும். ஒரு ஷிங்கிளுக்கு நான்கு ஆணி என்பது குறைந்தபட்சம், இந்தப் பகுதிக்கு ஆறு நல்லது. காற்றில் எழும்பி ஒட்டு விட்ட ஷிங்கிள் மேல் அடி விழுந்தால் எந்த வகுப்பும் காப்பாற்றாது.

பாலிசியின் பொடி எழுத்து

டெக்சஸில் ஆலங்கட்டி தாங்கும் கூரைக்குக் காப்பீட்டுத் தள்ளுபடி 1998 முதல் இருக்கிறது. கூரை போட்டவர் மாநிலக் காப்பீட்டுத் துறையின் பி.சி. 068 படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். தள்ளுபடி எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி, கவுண்டிக்குக் கவுண்டி மாறும். ஆகவே கான்ட்ராக்டர் வாயால் சொல்லும் சதவீதத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் ஏஜெண்டிடம் டாலரில் எழுதி வாங்குங்கள். சதுரத்துக்கு 40 டாலர் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் 34 சதுரக் கூரைக்கு 1,360 டாலர். வருடத்துக்கு 300 டாலர் குறைகிறதென்றால் ஐந்தாவது வருடத்துக்குள் போட்டது வந்துவிடும். 90 டாலர்தான் குறைகிறதென்றால் தள்ளுபடிக்காக வாங்குகிறோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம், கூரைக்காகவே வாங்குகிறோம்.

தள்ளுபடியோடு கூடவே வரக்கூடிய ஒரு தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. அழகுச் சேதம் விலக்கு என்று அதைச் சொல்லலாம். கூரை ஒழுகாதவரை, தோற்றத்தில் மட்டும் உள்ள சேதத்துக்குக் கம்பெனி பணம் தராது என்பது அதன் சாரம். தகரக் கூரைக்கு இது முக்கியமாகப் பொருந்தும் என்றாலும் ஷிங்கிளுக்கும் சிலர் எழுதுகிறார்கள். இதையும் சோதனையையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். சோதனை குருணை உதிர்வைச் சேதம் என்று எண்ணவில்லை. விலக்குத் தாளின் வாசகம் தளர்வாக இருந்தால், சேதத்தை மதிப்பிட வரும் அட்ஜஸ்டரும் அதை அழகுச் சேதம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கூரையின் ஆயுளைத் தின்னும் அந்த ஒரே சேதம் இரண்டு தாள்களுக்கும் நடுவே விழுந்து காணாமல் போகிறது. கையெழுத்துக்கு முன் ஏஜெண்டிடம் "குருணை இழப்பு இதில் எந்தப் பக்கம்?" என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

டிடக்டபிள், அதாவது இழப்பில் முதலில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, பற்றியும் ஒரு வார்த்தை. ஆலங்கட்டிக்கும் காற்றுக்கும் அது வழக்கமாகச் சதவீதத்தில் இருக்கும், அதுவும் கூரையின் விலையில் இல்லை, வீட்டின் காப்பீட்டுத் தொகையில். 5 லட்சம் டாலருக்குக் காப்பீடு, 2 சதவீதம் என்றால் முதல் 10,000 டாலர் உங்களுடையது. "டிடக்டபிளை நாங்க பாத்துக்கறோம்" என்று கதவைத் தட்டுகிறவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். டெக்சஸில் 2019 செப்டம்பர் முதல் அது சட்டவிரோதம். அந்த மாநிலத்தில் கூரைக்காரருக்கு மாநில உரிமம் என்று ஒன்றே கிடையாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். தயாரிப்பாளரின் உத்தரவாதத்தை நம்பி இருப்பவர்களுக்கும் ஒரு செய்தி: கிளாஸ் 4 ஷிங்கிளின் உத்தரவாதத் தாளிலேயே ஆலங்கட்டிச் சேதம் சேராது என்ற வரி பெரும்பாலும் இருக்கும்.

மழை வந்து போன பிறகு பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஷிங்கிளைப் பார்க்க வேண்டாம், தகரத்தைப் பாருங்கள்: மழைநீர்த் தகரம், காற்றுப்போக்கித் தொப்பி, ஏ.சி. கண்டென்சரின் அலுமினியத் தகடு. அவற்றில் குழி இல்லையென்றால் கூரையில் பெரிய அடி விழுந்திருக்க வாய்ப்புக் குறைவு. இருந்தால், ஒவ்வொரு சரிவிலும் பத்துக்குப் பத்து அடிச் சதுரத்தைச் சாக்பீஸால் கட்டி அதற்குள் விழுந்த அடிகளை எண்ணுவது அட்ஜஸ்டர்களின் வழக்கம். அடி விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் கன்றிப்போன மாம்பழம் போல மெத்தென்று இருக்கும், அது பாய் முறிந்ததன் அடையாளம். விளிம்பு கூர்மையாக, குட்டிக் குட்டிப் பள்ளமாக, எல்லாச் சரிவிலும் ஒரே மாதிரி இருப்பது கொப்புளம். வெயிலில் தாரிலிருந்து வாயு வெளியேறி வருவது அது, ஆலங்கட்டி செய்தது இல்லை. ஆலங்கட்டி காற்று வந்த திசையைக் காட்டிக்கொடுக்கும், ஒரு சரிவில் அதிகமாகவும் மறு சரிவில் குறைவாகவும் இருக்கும். செங்குத்தான கூரையில் நீங்களாக ஏற வேண்டாம், நீளக் கம்பில் கட்டிய போனே போதும்.

கூரை போடும் நாளன்று செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. லாரி வந்து கட்டுகளைக் கூரை மேல் அடுக்குவதற்கு முன், ஏதாவது இரண்டு கட்டின் மேலுறையை நான்கு பக்கமும் படம் எடுங்கள்: முழுப் பெயர், யூ.எல். 2218 கிளாஸ் 4 முத்திரை, தயாரிப்புத் தேதி. முகட்டு ஷிங்கிள் கட்டுக்கும் அதே படம். ஒரு மேலுறையை மடித்து பி.சி. 068 நகலோடும் இன்வாய்ஸோடும் ஒரே கோப்பில் வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் ஏஜெண்ட் கேட்பது இந்த மூன்றையும்தான். மீதியாகும் ஷிங்கிளில் ஒரு கட்டை கராஜில் படுக்கை வசமாகப் போட்டுவையுங்கள். நிறுத்திவைத்தால் கோடையில் வளைந்துவிடும்.